கோடு போட்டால் மின்சாரம் ஓடும்: வயல் நீர்க்குழாய்க்கு ஒரு காகித விளக்கு

நெல் வயலில் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுங்கள் என்று சொன்னால், விவசாயிகள் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எவ்வளவு காய விடலாம்? மேல்மண் வெடிப்பு விடுவதைப் பார்த்தாலே மனம் பதறும். மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டாரைப் போட்டுவிட்டால் அந்தப் பதற்றம் தீரும். ஆனால் ஆழ்துளைக் கிணற்றின் நீர்மட்டம் இறங்கும். அடுத்த கோடையில் இன்னும் ஆழமாகத் துளை போடக் கடன் வாங்க வேண்டிவரும்.

இந்தக் கேள்விக்குச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் தந்த விடை வயல் நீர்க்குழாய். சுற்றிலும் துளையிட்ட பிளாஸ்டிக் குழாயை வயலில் பதித்து, உள்ளே நீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்ப்பது. மண்ணின் மேற்பரப்பிலிருந்து 15 செ.மீ. ஆழத்துக்கு நீர் இறங்கும்வரை பாய்ச்ச வேண்டாம். இறங்கியதும் 5 செ.மீ. உயரத்துக்கு நீர் கட்டலாம். முறையாகச் செய்தால் 30 சதவீதம் வரை பாசன நீர் மிச்சமாகும் என்பது அந்த நிறுவனத்தின் கணக்கு.

முறை எளிதுதான். நடைமுறையில்தான் சிக்கல். நட்டு ஐம்பது நாளில் பயிர் மூடிக்கொண்டால் குழாய் இருக்கும் இடமே தெரியாது. மின்சாரம் இரவில் வந்தால் டார்ச்சோடு சேற்றில் இறங்கிக் குனிந்து பார்க்க வேண்டும். பாம்பு நடமாடும் வரப்பில் இதை எத்தனை நாள் செய்வீர்கள்? நாலு நாள் பார்த்துவிட்டு ஐந்தாம் நாள் மோட்டாரைப் போட்டுவிடுவதுதான் நடக்கிறது. குழாய்க்குள் நீர் இருக்கிறதா இல்லையா என்பதை வரப்பில் நின்றபடியே சொல்லும் ஒரு சிறு விளக்கு இருந்தால் நல்லது. அந்த விளக்குக்கான மின்சுற்றை நீங்களே காகிதத்தில் வரைந்துகொள்ள முடியும். பற்றவைக்கத் தெரிய வேண்டியதில்லை.

வெள்ளி மை, கரி மை

மின்சுற்று என்றால் பச்சைப் பலகையும் ஈயப் பற்றவைப்பும் நினைவுக்கு வரும. பலகையில் இருக்கும் செம்புக் கோடுகளின் வேலை, ஒரு பாகத்திலிருந்து இன்னொரு பாகத்துக்கு மின்சாரத்தைக் கொண்டுபோவது மட்டுமே. அந்தக் கோட்டைப் பேனாவால் காகிதத்தில் போட்டால் என்ன? 2011-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜெனிஃபர் லூயிஸ் குழுவினர், நுண்ணிய வெள்ளித் துகள்கள் கலந்த மையைச் சாதாரண உருளைமுனைப் பேனாவில் நிரப்பி, காகிதத்தில் மின்சுற்று எழுதிக் காட்டினார்கள். மை காய்ந்ததும் துகள்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கம்பிபோல் ஆகிவிடுகின்றன. 'சர்க்கிட் ஸ்க்ரைப்' என்ற பெயரில் இந்த வகைப் பேனா பிறகு விற்பனைக்கும் வந்தது. லண்டனில் 'பேர் கண்டக்டிவ்' என்ற நிறுவனம் வெள்ளிக்குப் பதில் கரியைக் கொண்டு நீரில் கரையும் மின்கடத்து வண்ணம் தயாரிக்கிறது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை வாய்க்கால் கணக்காகவே புரிந்துகொள்ளலாம். அகலமான, குட்டையான வாய்க்காலில் தண்ணீர் தடையின்றிப் போகும். குறுகிய, நீண்ட வாய்க்காலில் திணறும். கோட்டுக்கும் அப்படித்தான். கோட்டின் நீளத்தை அகலத்தால் வகுத்தால் அதில் எத்தனை சதுரங்கள் அடங்கும் என்று கிடைக்கும். 10 செ.மீ. நீளம், 2 மி.மீ. அகலம் என்றால் 50 சதுரங்கள். வெள்ளி மையில் சதுரத்துக்கு ஓம் கணக்கில் ஒன்றில் ஒரு சிறு பங்குதான் தடை. அந்தக் கோடு முழுவதற்கும் ஐந்து, பத்து ஓம் வரலாம். கரி வண்ணத்தில் சதுரத்துக்குச் சுமார் 50 ஓம். ஆகவே கோட்டுக்கு 2,500 ஓம். பென்சிலால் அழுத்தித் தேய்த்த கோடோ பல ஆயிரம் ஓமிலிருந்து லட்சம் ஓம் வரை போகும்.

ஆமாம், பென்சிலும் மின்சாரம் கடத்தும். அதில் இருப்பது ஈயம் அல்ல; கிராஃபைட்டும் களிமண்ணும். ஓவியர்கள் வாங்கும் 6பி, 8பி பென்சில்களில் கிராஃபைட் அதிகம். பள்ளிக்கூட எச்பி பென்சிலில் களிமண் பங்கு கூடுதல் என்பதால் கடத்தல் குறைவு. கரி மையை வீட்டிலேயே கலக்க விரும்பினால், ஒரு பங்கு வெள்ளைப் பசைக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு கிராஃபைட் தூள் சேர்த்துக் குழைக்கலாம். தூள் பறக்கும், மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். அடுப்புக்கரியை இடித்துப் போட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. குறைந்த வெப்பத்தில் வெந்த கரி மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. கறுப்பாக இருப்பதெல்லாம் கிராஃபைட் ஆகிவிடாது.

வெள்ளிப் பேனா விலை கூடியது. வெள்ளி விற்கும் விலையில் அது குறையப்போவதும் இல்லை. எல்லாக் கோட்டையும் வெள்ளியில் போடத் தேவையில்லை என்பதுதான் இந்தச் சுற்றின் வசதி. எங்கே நல்ல கம்பி வேண்டும், எங்கே பென்சில் போதும் என்று பிரித்துவிட்டால் செலவு வெகுவாகக் குறையும்.

மதகு போல ஒரு டிரான்சிஸ்டர்

குழாய்க்குள் இரண்டு கம்பிகளைத் தொங்கவிட்டால், நீர் இரண்டையும் தொடும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கொஞ்சம் மின்சாரம் கசியும். பாசன நீரில் கரைந்திருக்கும் உப்புகளே இதற்குக் காரணம். அந்தக் கசிவு நேரடியாக விளக்கை எரிக்கப் போதாது. ஏரி மதகை நினைத்துப் பாருங்கள். ஒரு ஆள் கையால் திருகுவது சிறு முயற்சி. திறந்து பாய்வதோ பெரிய நீரோட்டம். டிரான்சிஸ்டர் அந்த மதகின் வேலையைச் செய்கிறது. அதன் நடுக்காலுக்குச் சிறிதளவு மின்சாரம் வந்தால், மற்ற இரு கால்களுக்கிடையே அதைப்போல் நூறு மடங்குக்கு மேல் ஓட விடும்.

தேவையான பொருள்கள்: 9 வோல்ட் பேட்டரியும் அதன் தொப்பியும், பிசி547 டிரான்சிஸ்டர் ஒன்று, சிவப்பு எல்இடி ஒன்று, மஞ்சள், ஊதா, பழுப்பு வளையங்கள் உள்ள 470 ஓம் மின்தடை, பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு வளையங்கள் உள்ள 10 கிலோ ஓம் மின்தடை, ஓர் அழுத்து சுவிட்ச், உறையிட்ட இரட்டைக் கம்பி, குழாயிலிருந்து வரப்பு வரை எட்டும் நீளத்துக்கு. பேட்டரியையும் கம்பியையும் தவிர மற்றவை ரேடியோ, டிவி பழுதுபார்க்கும் கடைகளில் ஒவ்வொன்றும் சில ரூபாய்க்குக் கிடைப்பவை.

வழவழப்பான கெட்டி அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். சொரசொரப்பான காகிதத்தில் வெள்ளி மை இழைகளுக்குள் இறங்கித் துண்டு துண்டாகிவிடும். பேட்டரியின் நேர்முனையிலிருந்து கோடு கிளம்பிச் சுவிட்சுக்குப் போகட்டும். சுவிட்சைத் தாண்டியதும் கோடு இரண்டாகப் பிரியும்.

முதல் கிளை விளக்குக் கிளை. 470 ஓம் மின்தடை வழியாக எல்இடியின் நீளமான காலுக்குப் போகிறது. எல்இடியின் குட்டைக் காலிலிருந்து டிரான்சிஸ்டரின் ஒரு ஓரக் காலுக்கு. தட்டையான முகம் உங்களைப் பார்க்கும்படி, கால்கள் கீழே இருக்கும்படி டிரான்சிஸ்டரைப் பிடித்தால், இடது கால் அது. வலது காலிலிருந்து பேட்டரியின் எதிர்முனைக்கு ஒரு கோடு. இந்த வழியில் ஓரளவு நல்ல மின்னோட்டம் போக வேண்டும். இங்கே வெள்ளிப் பேனா அல்லது பசையுள்ள செம்பு நாடா. இரண்டும் இல்லையென்றால் சமையலறை அலுமினியத் தாளை அரை செ.மீ. அகலத்தில் கிழித்து ஒட்டினாலும் வேலை நடக்கும்.

இரண்டாவது கிளை நீர்க் கிளை. சுவிட்சிலிருந்து வயலுக்குப் போகும் இரட்டைக் கம்பியில் ஒன்றுக்கு இணைகிறது. மற்றொரு கம்பி வயலிலிருந்து திரும்பி வந்து, 10 கிலோ ஓம் மின்தடை வழியாக டிரான்சிஸ்டரின் நடுக்காலைச் சேர்கிறது. இந்தப் பாதையில் ஓடுவது மிகச் சிறிய மின்னோட்டம். சில ஆயிரம் ஓம் கூடினாலும் குறைந்தாலும் பாதகமில்லை. ஆகவே இங்கே கரி மை தாராளமாகப் போதும். ஆனால் 10 கிலோ ஓம் மின்தடையை மட்டும் விட்டுவிடாதீர்கள். வயலில் இரு கம்பிகளும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டால் டிரான்சிஸ்டரைக் காப்பாற்றுவது அதுதான்.

இனி பென்சிலுக்கு உரிய இடம். டிரான்சிஸ்டரின் நடுக்காலுக்கும் வலது காலுக்கும் இடையே, ஒரு விரல் நகம் அளவுக்குச் சிறு கட்டம் போட்டு 8பி பென்சிலால் அழுத்தித் தேய்த்து நிரப்புங்கள். மல்டிமீட்டரில் பத்தாயிரம் முதல் ஐம்பதாயிரம் ஓம் வரை காட்டினால் சரி. குழாயின் சுவரில் படிந்த ஈரப்பசையாலும் பனியாலும் வரும் வீண் கசிவை இந்தக் கட்டம் வடித்துவிடும். நிஜமாக நீர் தொடும்போது மட்டுமே விளக்கு எரியும். நீர் இறங்கிய பிறகும் விளக்கு மங்கலாக எரிந்தால், பென்சிலால் இன்னும் தேய்த்துக் கட்டத்தைக் கறுப்பாக்குங்கள். நீர் தொட்டும் எரியவில்லையா, ரப்பரால் கொஞ்சம் அழியுங்கள். கடையில் வாங்கும் மின்தடையை இப்படி அழித்துத் திருத்த முடியாது. உழவியல் துறையில் இருக்கும் எனக்கு, வரைந்த மின்சுற்றில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

பாகங்களின் கால்களைக் கோட்டின்மீது வைத்து ஸ்டேப்ளர் பின் அடித்து, மேலே ஒரு சொட்டு கரி மை வைத்தால் இணைப்பு உறுதியாகும். வரைந்த கோட்டில் சூடான ஈயக்கோலை வைக்காதீர்கள். காகிதம் கருகும், மை உரியும்.

வயலில் பொருத்தும்போது

குழாய் 40 செ.மீ. நீளமும் 10 முதல் 15 செ.மீ. விட்டமும் இருக்கட்டும். 25 செ.மீ. மண்ணுக்குள் போகும்படி பதித்து, உள்ளே இருக்கும் மண்ணை அடிவரை வாரி எடுத்துவிடுங்கள். கம்பி முனைகள் மண் மட்டத்திலிருந்து சரியாக 15 செ.மீ. கீழே நிற்க வேண்டும். கம்பிக்குக் கீழே பத்து செ.மீ. இடைவெளி ஏன் என்றால், அங்கேதான் சேறு படியும். சேறு கம்பியைத் தொட்டுவிட்டால் நீர் இறங்கிய பிறகும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். பயிர் வாடும்வரை உங்களை ஏமாற்றும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை குழாயின் அடியைத் துழாவிச் சேற்றை எடுப்பதை வழக்கமாக்குங்கள்.

கம்பியின் கடைசி 1 செ.மீ. மட்டும் உறை நீக்கியிருந்தால் போதும். இரு முனைகளும் குழாயின் எதிரெதிர்ப் பக்கங்களில் தனித்தனியே இருக்கட்டும். செம்புக் கம்பி நேர்முனைப் பக்கம் நாளடைவில் அரித்துப் பச்சை பூக்கும். துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியை முனையில் இறுக்கிவிட்டால் நீடிக்கும்.

வரைந்த அட்டை வயலுக்குள் போகக் கூடாது. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து வரப்பில் ஒரு குச்சியில் கட்டுங்கள். காகிதம் ஈரம் குடிக்கும். பசை கலந்த கரி மை நனைந்தால் இளகும். அட்டை மடிந்தால் மடிப்பில் கோடு அறுந்துபோகும்.

சுவிட்சை அழுத்தினால் விளக்கு எரிகிறதா, குழாயில் நீர் இருக்கிறது, மோட்டாருக்கு வேலை இல்லை. எரியவில்லையா, நீர் இறங்கிவிட்டது. ஆனால் உடனே ஓடாதீர்கள். பேட்டரி தீர்ந்திருந்தாலும், கோடு அறுந்திருந்தாலும் விளக்கு எரியாது. டப்பாவுக்குள்ளேயே இரு வயல் கம்பிகளின் இணைப்பையும் ஒரு ஆணியால் குறுக்கே தொட்டுக்கொண்டு சுவிட்சை அழுத்துங்கள். அப்போது எரிந்தால் சுற்று நலம், பாய்ச்ச வேண்டிய நேரம்தான். வயலுக்குப் போகும் கம்பியை எலி கடித்திருந்தால் இந்தச் சோதனையிலும் தெரியாது. ஆனால் அதனால் வரும் நட்டம் ஒரு வீண் பாய்ச்சல்தான், பயிர் காய்ந்துபோகாது. சேற்றால் வரும் பிழைதான் பயிரைத் தொடும் பிழை. அதனால்தான் அதை அழுத்திச் சொன்னேன்.

ஒரு நாளைக்கு இரண்டு முறை ஐந்து விநாடி அழுத்திப் பார்த்தால் ஒரு பேட்டரி பருவம் முழுவதற்கும் தாங்கும். சுவிட்ச் இல்லாமல் நேராக இணைத்துவிட்டால் ஓரிரு நாளில் தீர்ந்துவிடும்.

நட்ட முதல் இரண்டு வாரம் இந்த விளக்குக்கு வேலை இல்லை. பயிர் வேர் பிடிக்கவும் களையை அடக்கவும் நீர் நிற்கட்டும். பூக்கும் தருணத்துக்கு ஒரு வாரம் முன்பும் ஒரு வாரம் பின்பும் 5 செ.மீ. நீர் குறையாமல் வைத்திருங்கள். அந்த நாட்களில் காய்ச்சல் கொடுத்தால் பதர் கூடும். முறைவைத்துத் திறக்கும் கால்வாய்ப் பாசனத்தை மட்டுமே நம்பியிருப்பவர்களுக்கு இதனால் பெரிய பயன் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தண்ணீர் வரும் நாளை அவர்கள் தீர்மானிப்பதில்லை. மோட்டார் சுவிட்ச் தன் கையில் இருப்பவருக்கு உரிய கருவி இது.

தோட்டக்கால் மண்ணில் செருகலாமா?

கரும்பு, வாழை, காய்கறி விவசாயிகள் இதே கம்பிகளை மண்ணில் குத்தி ஈரத்தை அறியலாமா என்று கேட்பார்கள். குத்தலாம், ஆனால் விடையை நம்புவதில் எச்சரிக்கை வேண்டும். குழாயில் நீர் உண்டா இல்லையா என்பது இரண்டே விடையுள்ள கேள்வி. மண்ணின் ஈரம் அப்படி அல்ல, படிப்படியாகக் குறைவது. மண்ணின் மின்தடை ஈரத்தை மட்டும் பொறுத்ததும் அல்ல. பொட்டாஷ் போட்ட மறுநாள், உப்பு கரைந்த மண்நீர் அதிக மின்சாரத்தைக் கடத்தும். ஈரம் கூடாமலே கூடியதாக விளக்கு சொல்லும். யூரியா போட்ட உடனே இப்படி ஆகாது, ஏனென்றால் யூரியா கரைந்தாலும் மின்னூட்டம் பெற்ற அயனிகளாகப் பிரிவதில்லை. அது அம்மோனியமாக மாறிய பிறகே வேறுபாடு தெரியும். களர் உவர் நிலத்தில் கேட்கவே வேண்டாம்.

இந்தச் சிக்கலுக்கு 1940-லேயே ஒரு வழி கண்டவர் அமெரிக்காவின் மிச்சிகனில் பணியாற்றிய மண்ணியலாளர் பூயூகோஸ். மண்ணின் நயத்தை ஹைட்ரோமீட்டரால் அளக்கும் முறைக்காக விரிவாக்கப் பணியாளர்கள் கல்லூரியில் படித்த அதே பெயர்தான். இரு மின்முனைகளை ஜிப்சக் கட்டிக்குள் பதித்து மண்ணில் புதைத்தார். கட்டிக்குள் இருக்கும் நீர் எப்போதும் ஜிப்சம் கரைசலாகவே இருப்பதால், வெளியில் உரத்தால் வரும் சிறு மாறுதல்கள் அளவீட்டைக் கெடுப்பதில்லை. பாரிஸ் சாந்தைக் குழைத்துச் சிறு குழாய்த் துண்டில் ஊற்றி, இரண்டு எஃகுத் திருகாணிகளை நட்டு வைத்தால் இப்படி ஒரு கட்டியை நீங்களும் வார்க்கலாம். அதை நம் காகிதச் சுற்றோடு இணைத்து, பென்சில் கட்டத்தை உங்கள் மண்ணுக்கு ஏற்பத் தேய்த்தோ அழித்தோ சரிசெய்ய வேண்டும். இதற்குப் பொறுமை வேண்டும். ஒரு பருவம் பழக வேண்டும்.

அவ்வளவு பொறுமை இல்லாதவர்களுக்கு, கோவையில் உள்ள கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய மண் ஈரம் காட்டும் கருவி இருக்கிறது. மண்ணில் குத்தினால் நீலம், பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என நான்கு நிற விளக்குகளில் ஒன்று எரியும். நீலம் என்றால் ஈரம் மிகுதி, பச்சை போதுமானது, ஆரஞ்சு குறைவு, சிவப்பு என்றால் உடனே பாய்ச்ச வேண்டும். கையால் வரைந்த அட்டை அதற்குப் போட்டி அல்ல.

செய்யக் கூடாதவை

வரைந்த கோட்டில் வீட்டு மின்சாரமோ மோட்டார் மின்சாரமோ ஒருபோதும் பாயக் கூடாது. 9 வோல்ட் பேட்டரிக்கு மேல் எதையும் இணைக்காதீர்கள். விளக்கு எரிவதைப் பார்த்ததும், இதையே ஸ்டார்ட்டரோடு இணைத்து மோட்டார் தானாக நிற்கும்படி செய்யலாமே என்று தோன்றும். வேண்டாம். ஈரமான வரப்பில், காகிதத்தையும் பென்சில் கோட்டையும் நம்பி உயிரைப் பணயம் வைப்பதாகிவிடும். பேட்டரி இணைப்பானுக்குப் பதில் மின்கம்பத்திலிருந்து அடாப்டர் போடுவதும் இதே வகைதான். விளக்கு தகவல் சொல்லட்டும். சுவிட்சை நீங்கள் போடுங்கள். அறுவடை முடிந்ததும் பேட்டரியையும் கம்பியையும் வயலில் விட்டுவிடாமல் எடுத்துவிடுங்கள்.

விரிவாக்கப் பணியாளர்கள் உழவர் வயல்வெளிப் பள்ளியில் இதைச் செய்துகாட்ட நினைத்தால், வெள்ளிப் பேனாவோடு தொடங்க வேண்டாம். ஆளுக்கொரு 8பி பென்சில் கொடுத்துக் கோடு போடச் சொல்லி, சில நூறு ரூபாய் மல்டிமீட்டரால் அளக்கச் சொல்லுங்கள். அகலமாக்கினால் எண் குறைவதையும் நீளமாக்கினால் கூடுவதையும் அவர்களே பார்த்துவிட்டால், வாய்க்கால் கணக்கை நீங்கள் விளக்க வேண்டியிருக்காது. அடுத்து ஒரு வாளித் தண்ணீரில் இரு கம்பிகளையும் முக்கி விளக்கை எரிய வையுங்கள். வயல் நீரும் ஆழ்துளைக் கிணற்று நீரும் தனித்தனி வாளிகளில் இருந்தால், பென்சில் கட்டத்தை எந்த நீருக்கு ஏற்ப எவ்வளவு தேய்க்க வேண்டும் என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். குறுவைக்கு நாற்று விடும்போதே இந்தப் பயிற்சியை வைத்துக்கொண்டால், நட்ட பதினைந்தாம் நாள் டப்பா வரப்பில் இருக்கும்.